பரிமளம் அக்காவின் நாலு கொட்டில்கள்

பரிமளம் அக்காவை அறிந்த எல்லோருக்கும்,

இந்தச் சாமத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சின்னவனுக்குக் காய்ச்சல். உடம்புச் சூடு தணிந்து அவன் கண்ணயர்ந்த பிறகுதான் பேனையை எடுக்க முடிந்தது. இடையிடையே எழும்பிப் போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். வசனங்கள் அங்கங்கே அறுந்திருந்தால் அதுதான் காரணம்.

செய்தி எனக்கு எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் வந்தது. மரக்கறிக்கடை முன்னால் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். காரைநகரிலிருந்து கருவாடு கொண்டுவரும் செல்லம் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே? பரிமளம் மோசம் போயிட்டா. விடியக் கிணத்தடியிலை முகம் கழுவிக்கொண்டு நிண்டவ. அப்பிடியே சரிஞ்சு போனாவாம்."

அந்த நேரத்தில் என் வாயில் வந்த கேள்வியை நினைத்தால் இப்போதும் வியப்பாயிருக்கிறது. "கொட்டில்களிலை ஆக்கள் இருந்தவையோ?" என்றுதான் கேட்டேன்.

"ஓம், ரெண்டு வெள்ளைக்காரர். அதுகளும் எங்களோடை நிண்டு அழுததுகள்" என்றாள் செல்லம்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு அன்று போயிருந்தேன். உங்களில் சிலரை அங்கே கண்டேன். ஆனால் நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அக்காவின் தம்பி சிவலிங்கம் அண்ணை என்னைக் கூப்பிட்டு விறாந்தையில் இருத்தினார். "தங்கச்சி, நான் வவுனியாவிலை இருந்துகொண்டு இதைக் கொண்டு நடத்தேலாது. நீர் எடுத்து நடத்துறதெண்டால் சொல்லும். இல்லாட்டி அந்தியேட்டி முடியக் கொட்டிலுகளைப் பிரிச்சுப்போட்டு வீட்டைப் பூட்டுறன்" என்றார். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு இனி அதிக நாள் இல்லை. நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. அந்த மறுமொழியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அக்காவைப் பற்றி எழுதினால் என்ன சொல்வதென்று எனக்கே தெளியும் என்று ஒரு நம்பிக்கை.

உங்களுக்குத் தெரிந்த இடம்தான். ஆனாலும் இதை என் பிள்ளைகளும் ஒருநாள் வாசிப்பார்கள். வட்டுக்கோட்டையிலிருந்து பாலத்தைக் கடந்து காரைநகருக்குப் போய், வடக்குக் கரையில் சவுக்கு மரங்கள் நிற்கும் இடத்தில் இறங்கினால் அக்காவின் கல்வீடு. அதற்கும் கடலுக்கும் இடையில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த நாலு கொட்டில்கள். மார்கழியில் சிவன் கோயில் திருவெம்பாவைக்கு வருகிற சனம் அங்கே தங்கும். மற்ற மாதங்களில் கடலில் குளிக்க வரும் குடும்பங்களும், எங்கேயோ கேள்விப்பட்டுத் தேடி வரும் வெள்ளைக்காரரும் தங்குவார்கள். அக்காவின் புருஷன் தோணியை ஓட்டும் தண்டயல். சரக்கேற்றிக்கொண்டு போன தோணி ஒரு மாரியில் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா கொட்டில்களைப் போட்டார்.

நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். வெளிநாட்டிலிருந்து இடம் கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுத ஒரு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் போனேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்கிலீசு எழுதுவியோ, கதைக்கவும் செய்வியோ?"

"எழுதுவன் அக்கா. கதைக்கத்தான் கூச்சம்."

"எனக்குக் கதைக்கக் கூச்சமில்லை. எழுதத்தான் தெரியாது. நல்லதாப் போச்சு, இரு."

அவர் கதைத்தது முழுவதும் தமிழ். அது வந்தவர்களுக்கு எப்படி விளங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் விளங்கியது.

அந்த நாலு கொட்டில்களின் வாசல்களும் கல்வீட்டுப் பக்கம் பார்த்திருந்தன. கடல் பக்கம் ஒரு யன்னல்கூட இல்லை. நான் போன முதல் மாதமே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து தங்கினார்கள். இரண்டு பேரும் கொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடல் பக்கத்து வாசல் எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். நான் போய் அக்காவிடம் கேட்டேன்.

"கடலைப் பாத்துக்கொண்டு ஆர் நித்திரை கொள்ளுறது? காத்து முழுக்க உள்ளுக்கை வரும். பாயும் தலகணியும் உப்புப் பிடிக்கும்."

"அவையள் கடல் பாக்கத்தானே அக்கா அவ்வளவு தூரத்திலை இருந்து வந்திருக்கினம்."

"பாக்கட்டுமன். கடல் எங்கையும் ஓடிப் போகுதே? எழும்பி நாலடி வைச்சாக் கடல்!"

கடலோடுகிற சனத்தின் வீடுகள் எல்லாம் அப்படித்தான் கடலுக்கு முதுகு கொடுத்து நிற்கும் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். கடலை நம்பிச் சீவிக்கிறவர்கள் பாயில் கிடந்தும் அதையே பார்க்க விரும்ப மாட்டார்கள். வேறு எந்த ஊர் ஆளும் கடற்கரையில் விடுதி போட்டுக் கடலை மறைத்திருக்க மாட்டார். அக்காவுக்கு அது பிழையாகவே தோன்றவில்லை. ஆனால் அடுத்த கிழமை நான் போனபோது ஒரு கொட்டிலின் கடல் பக்கத்துக் கிடுகை வெட்டி வாசல் வைத்திருந்தார். "ஒண்டு அவைக்கு. மற்ற மூண்டும் எங்கடை சனத்துக்கு" என்றார். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அந்தக் கொட்டிலைக் கொடுக்கவே மாட்டார். "தவழுற பிள்ளை வாசலாலை இறங்கினா மண்ணிலை இறங்கட்டும்" என்பார். தாயான பிறகு எனக்கு அதன் அருமை தெரிந்தது.

திருவெம்பாவை நாட்களில் அந்த வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் நெடுத்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன், கரையில் பெரிய பாரைமீன் ஒன்றை வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு நேரே குசினி வாசலுக்கு வந்தான். அக்கா அகப்பையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உதென்ன? ஐயோ, கொண்டு போ! கொண்டு போ!"

பையனின் முகம் வாடிவிட்டது. கோயிலுக்குப் போகக் குளித்துத் தோய்ந்துவிட்டு நின்ற சனமெல்லாம் விலகி நின்று வேடிக்கை பார்த்தது. நான் மொழிபெயர்க்க வேண்டியவள். சிரிப்பை அடக்க முடியாமல் நின்றேன். அக்காவுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பழைய சட்டி ஒன்றையும் கொஞ்சம் மிளகாய்த்தூளையும் எடுத்துக் கொடுத்து, அவனைச் சவுக்குகளுக்கு அப்பால் அனுப்பினார். அவன் நெருப்பு மூட்டினான். அக்கா காற்றுக்கு மேல்பக்கமாய் எட்ட நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அங்கிருந்தே சமையல் நடத்தினார்.

"உப்புப் போடு! இன்னும்! ஆ, இனிப் பிரட்டு... உந்தப் பக்கமில்லை, மற்றப் பக்கம், மற்றப் பக்கமடா!"

அவன் பிரட்டினான். சரியாகத்தான் பிரட்டினான். அந்தச் சட்டி தை பிறக்கும் வரைக்கும் வேலிக்கு வெளியிலேயே கிடந்தது.

இனி என் கதை. அதைச் சொல்லாமல் நான் அவரைப் பற்றி எழுதினதாகாது.

எனக்குக் கலியாணம் முடிந்திருந்தது; என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை. நான் எட்டு மாத வயிற்றோடு, மார்கழிச் சனத்துக்கு ஒத்தாசையாக அக்காவிடம் போயிருந்தேன். திருவாதிரைக்கு முதல்நாள் மத்தியானம் மழை பிடித்தது. பின்னேரம் எனக்கு நோவு தொடங்கிவிட்டது. கொட்டில்களும் விறாந்தையும் கோயிலுக்கு வந்த சனத்தால் நிறைந்திருந்தன. பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் தீட்டுத் துடக்கு. கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். வருடாவருடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும் நீர்வேலிப் பெரியவர் அக்காவைக் கூப்பிட்டது, உள்ளே கிடந்த எனக்குக் கேட்டது.

"பரிமளம், நான் சொல்லுறதைக் கேள். உந்தப் பிள்ளையை வட்டுக்கோட்டைக்கு அனுப்பிவிடு. இஞ்சை பிறந்தால் நாங்கள் என்னெண்டு நாளைக்குக் கோயிலுக்குப் போறது?"

"பாலத்துக்கு மேலாலை தண்ணி பாயுது அண்ணை. என்னத்திலை அனுப்ப?"

"ஒரு வண்டிலைப் பிடிச்சு..."

"நீங்கள் நாளைக்கும் கோயிலுக்குப் போகலாம், வாற வருசமும் போகலாம். உவள் நாளைக்கெண்டு பொறுக்க ஏலாது. கோயிலிலை இருக்கிற சிவகாமியும் ஒரு பொம்பிளைதானே அண்ணை?"

பெரியவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மழையிலேயே கோயில் மடத்துக்குப் போனார். மற்றவர்களும் மூட்டை கட்டினார்கள். அக்கா ஒருவரையும் மறிக்கவில்லை. எல்லோருக்கும் தலையில் பிடிக்க ஓலைப்பாயோ சாக்கோ கொடுத்து அனுப்பிவிட்டு, மருத்துவிச்சியைக் கூட்டிவர ஆள் விட்டார். தன் கட்டிலில் என்னைக் கிடத்தினார். என் மகள் அங்கேதான் பிறந்தாள்.

துடக்குக் கழியும் வரைக்கும் நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சரக்கை அரைத்துத் தந்ததும், பிள்ளையைக் குளிப்பாட்டியதும் எல்லாம் அவர்தான். கொட்டில்கள் வெறுமையாய்க் கிடந்தன. அடுத்த மார்கழிக்கும் அந்தச் சனம் வரவில்லை. அதற்கடுத்த மார்கழிக்கும் வரவில்லை. கிடுகு மாற்ற வழியில்லாமல் கொட்டில்கள் ஒழுகின. அதைப் பார்த்துவிட்டு நான் ஒருநாள் அழுதேன்.

"ஏன் அழுறாய்? பிள்ளை பெத்ததுக்கோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு அந்தக் கதையை அவர் எடுத்ததே இல்லை.

மூன்றாம் வருடம் நீர்வேலிப் பெரியவர் ஒரு பெரிய கதலி வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு வேலிப் படலையில் வந்து நின்றார். "அந்தப் பிள்ளை எங்கை?" என்று கேட்டார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"இப்பதான் துடக்குக் கழிஞ்சுதோ அண்ணை?"

பெரியவர் சிரித்த சிரிப்பில் குலை தோளிலிருந்து நழுவிவிட்டது. ஐயா, நீங்கள் இதை வாசித்தால் கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும். இந்தக் கதையைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சிரித்தவரே நீங்கள்தான். எட்டுச் செலவு அன்று நீங்கள் அதே படலையடியில் நின்றதை நான் கண்டேன்.

நான் பயந்தவள் என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளை இருமினால் நான் இரவிரவாய் விழித்திருப்பேன். போன ஆடியில் பிள்ளைகளோடு அங்கே போயிருந்தேன். மகளைக் கரண்டைக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழுதாள். குசினியிலிருந்து அக்கா வந்தார்.

"உனக்குப் பயமெண்டால் நீ கண்ணை மூடு பிள்ளை. அவள் குளிக்கட்டும்."

"அலை இழுத்தால் அக்கா?"

"இந்தக் கடலிலை அலையோ? நீ வேறை. விடு கையை."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவளைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போனார். அத்தனை வருடத்தில் அவர் கடலில் இறங்கி நான் கண்டது அன்று மட்டும்தான். நான் கண்ணை மூடவில்லை. மகள் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்ததை முழுவதும் பார்த்தேன். அதைப் பார்க்க வைத்ததற்கு அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "உதுக்குமோ?" என்றிருப்பார்.

சிவலிங்கம் அண்ணை கேட்டதைக் கொழும்புக்கு எழுதினேன். 'இந்தக் காலத்தில் கடற்கரையில் விடுதி நடத்த உனக்கென்ன விசரா?' என்று என் வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். கீழே, 'உன் விருப்பம்' என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் சரிதான். எனக்குக் கணக்கில்லாத பயங்கள். சின்னவனுக்கு உப்புக்காற்று ஒத்துவருமா, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, தனியாய் ஒரு பெண் இருக்கிற வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் தங்குவதா, என் கைச் சமையலை ஆர் வாயில் வைப்பார்கள்?

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் புதிதாய் ஒருவர் படலையைத் திறந்தால், எந்த ஊர், ஆருடைய ஆள் என்று அறிந்த பிறகுதான் செம்பில் தண்ணீர் வருமா வராதா என்பது தெரியும். பரிமளம் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கண்டதில்லை. யார் வந்தாலும், "களைச்சுப் போனியள், முதல் இருங்கோ" என்பார். சனம் அதற்காக அவரைக் குறைத்துக் கதைத்ததும் உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியைக் கேளாமல் விடுகிற பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அப்படி ஒரு படலை அந்தக் கரையில் பூட்டிக் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டு வந்ததில் என் மறுமொழி எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தியேட்டி அன்று சிவலிங்கம் அண்ணையிடம் ஓம் என்று சொல்லப்போகிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் விடுதி என்பது கொட்டில்கள் அல்ல, வருகிற ஆட்கள். நீங்கள் வராவிட்டால் நான் ஓம் என்பதில் ஒரு பொருளும் இல்லை. வருகிற மார்கழிக்கு நீங்கள் வருவீர்களா, எத்தனை பேர், பிள்ளைகளும் கூட வருவார்களா என்று எனக்குத் தெரியவேண்டும். கிடுகு மாற்றவும் ஆட்களுக்குச் சொல்லி வைக்கவும் நாள் வேண்டும். ஆனபடியால், இது கிடைத்ததும் எனக்குக் கெதியாய்ப் பதில் எழுதுங்கள்.