ஒழுகினால்தான் கூரை

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் உதவி செய்தேன். அவர் கேட்கவே இல்லை... வம்பு அங்கேதான் ஆரம்பம்.

அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டேவிட். யூதர். இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது 'ஹாய்' மட்டும்தான். அதையும் அவர்தான் சொல்வார். நான் தலையாட்டுவேன். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்ன பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்தில் ஒரு குடிசை போட்டார். சுற்றிலும் கேன்வாஸ். மேலே மூங்கிலும் சோளத்தட்டையும். உள்ளே மேஜை, நாற்காலி, காகிதத் தோரணம். கூரையைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை. ஓட்டை ஓட்டையாக வானம்! நான் ஊரில் கல்யாணப் பந்தல் கான்ட்ராக்டரிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். இப்படி வேய்ந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பந்தக்காலிலேயே கட்டி வைத்திருப்பார்கள்.

மறுநாள், சாயங்காலம் மழை வரும் என்றது டிவி. டேவிட் வீட்டில் யாரும் இல்லை. கேரேஜிலிருந்து நீலத் தார்ப்பாயை எடுத்தேன். ஏணி போட்டு ஏறி, கூரை முழுக்க மூடி, சுற்றிலும் இருபது பந்தல் முடிச்சு. புயலே வந்தாலும் அசையாது. வாயைத் திறக்காமல் ஒரு நல்ல காரியம் – கூச்ச சுபாவக்காரனுக்கு இதைவிட சுகம் உண்டா?

சாயங்காலம் டேவிட் வந்தார். கூரையைப் பார்த்தார். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் நான். நர்ஸ் ட்யூட்டி முடிந்து வந்த என் மனைவி கிரேஸ் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அது நம்ம தார்ப்பாய்தானே?"

"மழை வருதேன்னு..."

"ஐயோ, அது கூடாரப் பண்டிகைங்க! சண்டே ஸ்கூல்ல பிரைஸ் வாங்கினேன்னு பெருமை அடிப்பீங்களே, லேவியராகமம் படிச்சதெல்லாம் எங்க போச்சு?"

படித்ததுதான். ஆனால் பைபிளில் இருக்கிற பண்டிகை நியூஜெர்சியில், அதுவும் பக்கத்து வீட்டில் நடக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"போய் சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

"நானா கட்டினேன்?"

போனேன். கயிற்றைக் காட்டினேன். பிறகு என் நெஞ்சைக் காட்டினேன்.

டேவிட் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டம். பொறுமையாக விளக்கினார். கூரை வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும். தார்ப்பாய் போட்டால் அவர்கள் சட்டப்படி அது குடிசையே இல்லை, உள்ளே பண்டிகைச் சாப்பாடு சாப்பிட முடியாது. சூரியன் மறைந்ததும் பண்டிகை தொடங்கிவிடும். அப்புறம் முடிச்சு அவிழ்ப்பதுகூட வேலை, செய்யக் கூடாது. வாட்சைப் பார்த்தார். இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

ஏறினேன். தூறலில் நனைந்த கயிறு இறுகிப் போயிருந்தது. ஒரு முடிச்சாவது அவிழ வேண்டுமே! கட்டியவனைத் திட்டலாம் என்றால், கட்டியவன் நான்.

கிரேஸ் கிச்சன் கத்தியோடு ஓடி வந்தாள். "அறுங்க! முடிச்சுக்கு மெடலா குடுக்கப் போறாங்க?"

டேவிட் ஏணியைப் பிடிக்க, நான் அறுக்க... இருபதாவது கயிறு விழுந்தபோது நாலு நிமிஷம் பாக்கி. தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு நழுவப் பார்த்தேன். விடவில்லை. விருந்தாளி வந்தால்தான் குடிசைக்கு அழகாம். என் பெயரைக் கேட்டார். சாமுவேல் என்றேன்.

"எங்க ஆளு பேரு!" என்று முதுகில் தட்டி, எங்கள் இருவரையும் குடிசைக்குள் மேஜையில் உட்கார வைத்தார்.

அவர்கள் முன்னோர்கள் பாலைவனத்தில் நாற்பது வருஷம் அலைந்ததன் ஞாபகம் இந்தக் குடிசை. வருஷத்தில் ஒரு வாரம் கெட்டியான வீட்டை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தால், தங்களைக் காப்பாற்றுவது கூரை இல்லை என்று புரியுமாம். சொல்லி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சூப்பை மழை கெடுத்தால் உள்ளே போகலாம் என்று விதி உண்டாம். டேவிட் ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தார்.

"இன்னும் கெடலை."

யாரும் எழுந்திருக்கவில்லை. "உப்பு ஏற்கெனவே கம்மி, இப்ப சுத்தமா இல்ல" என்று கிரேஸ் என் காதில் சொன்னாள். நான் குடித்தேன், குடித்தேன்... கிண்ணம் குறையவே இல்லை. நடுநடுவே பேசினேன்கூட!

எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு ஒழுகாது. அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட இதுவரை ஒருவரையும் கூப்பிட்டதில்லை.