காரமில்லாத மிளகாய்ப் பொடி

அறுபதுகளின் கடைசியில் எனக்கு வயிற்றுப்புண் இருந்தது. மிளகாயைக் கண்ணால் பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது என்று தாம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் எனக்கு வெள்ளை இட்லி, வெள்ளைச் சோறு, வெள்ளை மோர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் மற்றவர்கள் உருளைக்கிழங்கைச் சிவக்கச் சிவக்க வதக்கித் தின்பார்கள். எனக்கு அதே கிழங்கு உப்புப் போட்டு வேகவைத்து வரும். பசி என்பதே அலுவலக வேலை மாதிரி ஆகிவிட்டது. நேரத்துக்குப் போய் முடித்துவிட்டு எழுந்திருப்பேன்.

அப்போது நான் அரசாங்கக் கொள்முதல் பிரிவில் இருந்தேன். இயந்திரங்களைப் பார்வையிட ஹங்கேரிக்குப் போகவேண்டிய மேலதிகாரிக்குக் கடைசி நேரத்தில் மஞ்சள் காமாலை வந்தது. அவருடைய கம்பளிக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு நான் போனேன்.

தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் நாள் வைத்தது உருளைக்கிழங்குக் குழம்பு. நம் ஊர்ச் சிவப்பு. வேறு எதுவும் இல்லை, குளிர் வேறு. வருவது வரட்டும் என்று சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அங்கே ஒருவகை மிளகாயை, காரம் இல்லாததாகப் பார்த்துப் பொடியாக்குகிறார்கள். நிறம் உண்டு, வாசனை உண்டு, எரிச்சல் மட்டும் கிடையாது. ஊர் திரும்பும்போது எல்லாரும் கடிகாரம் வாங்கினார்கள். நான் ஒரு பெரிய டின் பொடி வாங்கினேன்.

மீனம்பாக்கத்தில் நானே அதை எடுத்துக் காட்டினேன். காட்டவேண்டும் என்பது விதி. சுங்க அதிகாரி விரலில் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"என்னா சார், இத்தினி தூரம் போயி மொளகாப்பொடியா? அதுலயும் காரமே இல்லியே."

என்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி எனக்குத் தனி வாணலி வைத்தாள். சிவந்த உருளைக்கிழங்கு என் தட்டிலும் விழுந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கவில்லை என்றேன். வாரம் ஒரு கரண்டி வீதம் போட்டால் டின் ஒரு வருடம் வரும் என்று கணக்குப் போட்டுவைத்தோம்.

அடுத்த வாரமே ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து என் அக்கா வந்தாள். நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்த பகலில் சமையலறையை ஒழுங்குபடுத்தியிருக்கிறாள். மாலையில் நான் வந்ததும் ஒரு தூக்குச் சட்டியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வெள்ளைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்டா தம்பி. பொடியில காரமே இல்ல. நல்ல குண்டு மொளகாயா வாங்கிக் காயவெச்சு, அதையும் இதையும் ஒண்ணா மெஷின்ல குடுத்து அரைச்சாந்துட்டேன். இப்ப மோந்து பாரு."

மோந்தேன். தும்மினேன். தும்மல்தான் நல்ல பொடிக்கு அடையாளம் என்று அவளுக்குத் திருப்தி. வெயிலில் மார்க்கெட்டுக்கும் மெஷினுக்கும் நடந்து அவள் முகம் கறுத்திருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

இன்னொரு டின் வரவழைக்க என்னென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். இறக்குமதி உரிமம், அந்நியச் செலாவணி அனுமதி, அவசியம் என்பதற்கு ஒரு சான்று. எந்த மேஜையில் எந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்பதும் தெரியும். நானே அப்படி எத்தனையோ மனுக்களைத் திருப்பி அனுப்பியவன். விதி தெரியாதவனாக இருந்திருந்தால் ஒரு மனுவாவது போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொடியில் வதக்கிய கிழங்கை எல்லாரும் கண்ணில் நீர் வழியப் புகழ்ந்து சாப்பிட்டார்கள். அக்காவுக்கு ஏக சந்தோஷம். எனக்கு வெள்ளைக் கிழங்கு வந்தது.

காலி டின்னை மனைவி கழுவாமல் வைத்திருந்தாள். அக்கா கை கழுவப் பின்பக்கம் போனதும் அதில் சூடான நெய்யை ஊற்றி, மூலைகளிலெல்லாம் ஓடும்படி சுற்றிச் சுற்றி ஆட்டி, என் கிழங்கின்மேல் கவிழ்த்தாள்.

சிவப்பு என்று சொல்ல முடியாது. வெள்ளை இல்லை, அவ்வளவுதான். அக்கா திரும்பி வருவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.