கோட்டுக்கு வெளியே நின்றால் போதும்

வீட்டில் அவளுக்கு ‘ஆபீசர்’ என்று பேர். வைத்தவர் அப்பா. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான் என்பதால் அதில் பாதி பெருமை, பாதி கிண்டல். வேலை கிடைத்த அன்று, டேங்கருக்கு இன்சூரன்ஸ் வாங்கித் தரும் ஆபீஸ் என்று அவள் சொன்னதும், கண் மங்கும்வரை டேங்கர் லாரி ஓட்டியே காலம் தள்ளிய மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்படிச் சொல்லு! நம்ம லைன்தான்.”

“லாரி இல்லப்பா. கப்பல். எண்ணெய் ஏத்துற கப்பல். அதையும் டேங்கர்னுதான் சொல்வாங்க.”

“அவ்வளவு பெரிய கடல்ல அது எதுமேலடி போய் மோதப் போகுது?” என்றாள் அம்மா.

மோதுவது அல்ல விஷயம். சண்டை நடக்கும் ஒரு கடல் பகுதியைச் சுற்றி இன்சூரன்ஸ் கம்பெனிகள் வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருந்தன. கோட்டைத் தாண்டி உள்ளே போகும் கப்பல், வழக்கமான பிரீமியத்துக்கு மேலே கூடுதலாக ஒரு தொகை கட்ட வேண்டும். கட்டினால், உள்ளே நுழைந்ததிலிருந்து ஒரு வாரம் செல்லும். வாரம் முடிந்தும் உள்ளேயே இருந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். எங்காவது ஒரு குண்டு விழுந்தால் மறுநாளே ரேட் எகிறும். அந்த ரேட்டைக் கேட்டு வாங்கிக் கப்பல் கம்பெனிக்குச் சொல்வதுதான் இவள் வேலை. கப்பல்காரருக்கு இவள் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இவள் கப்பல்காரரின் ஆள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அதையும் பொறுத்துக்கொண்டாள். ஒரு வருட ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் நிரந்தரம் என்று ஆர்டர் வர வேண்டும். இல்லையென்றால் வீட்டில் சம்பளம் என்று ஒன்று வராது.

வம்பு ஒரு போனில் ஆரம்பித்தது. கூடுதல் தொகைக்கு ஒப்புக்கொண்டு, துறைமுகத்தின் அழைப்புக்காகக் காத்திருந்த ஒரு கப்பலைக் கம்பெனி சார்பில் கவனித்துக்கொள்பவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, உள்ள இடம் இல்லைங்கறாங்க. கப்பல் எவ்வளவு தள்ளி நிக்கணும்? ரொம்பத் தள்ளி நிறுத்தினா திரும்பி வர்றதுக்கே எண்ணெய் காலியாயிடும்.”

அவள் போனைப் பொத்திக்கொண்டு மேனேஜரைக் கேட்டாள். அவரும் இன்னொரு போனில் இருந்தார். “கோட்டுக்கு வெளியே நின்னா போதும்” என்றார். அவள் அதையே சொன்னாள். அதையே மெயிலிலும் எழுதினாள்.

கேப்டன் கோட்டுக்குச் சற்று வெளியே கப்பலை நிறுத்தினார். எண்ணெயை மிச்சம் பிடிக்க எஞ்சினையும் அணைத்தார். நங்கூரம் எட்டாத ஆழம். கப்பலுக்கு ஹேண்ட்பிரேக்கா இருக்கிறது? நீரோட்டம் அதை மெல்லத் தள்ளிக்கொண்டே போய்க் கோட்டுக்கு உள்ளே விட்டது. கேப்டன் சுதாரித்துத் திருப்புவதற்குள், கப்பல் உள்ளே வந்தது இன்சூரன்ஸ் கம்பெனியின் திரையில் பதிவாகிவிட்டது. வாரக் கணக்கு அந்த நொடியே ஓட ஆரம்பித்தது. துறைமுகம் கூப்பிட்டபோது வாரத்தில் பெரும்பகுதி போயிருந்தது. எண்ணெய் ஏற்றி முடிப்பதற்குள் மிச்சமும் போனது. இதற்கிடையில் பக்கத்தில் வேறொரு கப்பல் அடி வாங்க, ரேட் இரண்டு மடங்கு. இரண்டாவது வாரத்துக்குப் புது ரேட்டில் கட்ட வேண்டியதாயிற்று.

“போதும்னு சொன்னது நீதானே?” என்று கத்தினார் கப்பல்காரர்.

“கோட்டுக்கு வெளியேன்னு சொன்னேன் சார்.”

“வெளியேதாம்மா நின்னான்! கடல் உள்ள தள்ளிடுச்சு. கடலுக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்கலாம்ல?”

கேப்டன் வெளியேதான் நிறுத்தினார். இன்சூரன்ஸ் கம்பெனி கோட்டைத்தான் பார்த்தது. இவள் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னாள். யார் பேச்சிலும் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒருவராவது பொய் சொல்லியிருந்தால் அவர் சட்டையைப் பிடிக்கலாம்.

மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். “பெரிய பார்ட்டிம்மா. கை நழுவிப் போனா நாம எல்லாரும் தெருவுலதான். ‘அனுபவக் குறைவால் நான் தெளிவாகச் சொல்லத் தவறிவிட்டேன், மன்னிக்கவும்’னு ஒரு மெயில் போடு. சின்னப் பொண்ணுன்னு விட்டுடுவார்.”

“நீங்க சொன்னதைத்தானே சார் சொன்னேன்?”

“நான் இல்லைங்கலையே. ஆனா மெயில்ல யார் பேர் இருக்கு?” மின்விசிறியைப் பார்த்தபடி, போகிற போக்கில் சேர்த்துக்கொண்டார்: “உன் பர்மனென்ட் ஆர்டர்கூட டைப் ஆகி வந்துடுச்சு. கையெழுத்துதான் பாக்கி.”

அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எஞ்சினை அணைத்தால் கப்பல் நகரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? எந்தப் பாடத்திலும் வரவில்லைதான். பாடத்தில் வந்ததை மட்டும் தெரிந்துகொள்ளவா இத்தனை வருடம் படித்தேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரி, தப்புதான். ஆனால் முழுத் தப்பும் எப்படி ஒருத்தி தலையில் வந்து விடியும்? வியாபாரம் வந்தால் ‘நாம முடிச்சோம்’ என்கிற மனிதர், வம்பு வந்தால் ‘நீ அனுப்பின மெயில்’ என்கிறாரே.

அடித்து அடித்து எழுதி, கடைசியில் நின்றது இதுதான்: ‘நாங்கள் சொன்னது போதவில்லை. கப்பல் நகரும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.’

மேனேஜர் படித்தார். “யாரும்மா இந்த நாங்கள்?”

“நீங்களும் நானும் சார்.”

“என்னை எதுக்கு இழுக்கற?”

“நாம, நாமன்னு நீங்கதானே சார் சொல்வீங்க.”

அவர் சிரித்தார். “சரி, நீ போ. நான் பாத்துக்கறேன்.”

அவள் நம்பிப் போனாள்.

மறுநாள் கப்பல்காரரின் குரலில் தேன் ஒழுகியது. “உன் மெயிலைப் பார்த்தேன்மா. தப்பை ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்.”

என்ன மெயில்? போனைக் காதில் வைத்தபடியே ஆபீசின் பொது மெயில்பெட்டியைத் திறந்தாள். ‘அனுபவக் குறைவால் நான்’ என்று ஆரம்பித்து, மேனேஜர் சொன்ன அதே வரிகள். கீழே அவள் பெயர்.

“சார், அது நான் எழுதினது இல்ல.” குரல் அவள் நினைத்ததைவிட ஓங்கி வந்தது. “என் பேர்ல வேற யாரோ எழுதியிருக்காங்க. போதும்னு சொன்னது நான் மட்டும் இல்ல, இந்த ஆபீஸ்!”

சுற்றிலும் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் தலையைத் தூக்கினார்.

“யாரோ எழுதிட்டுப் போறாங்க, விடும்மா” என்றார் கப்பல்காரர். “மன்னிப்புன்னு ஒண்ணு வந்துடுச்சு, எங்க முதலாளிகிட்ட காட்டியாச்சு, ஆள் அடங்கிட்டார். அடுத்த கப்பல் கிளம்புது. இன்னைக்கு ரேட் என்ன, அதைச் சொல்லு.”

இருந்த தைரியத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கிச் சொன்ன உண்மை. கேட்க வேண்டியவருக்கே அது தேவைப்படவில்லை. அவள் ரேட்டைச் சொன்னாள். போனை வைத்தபோது கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம்வரை அது திறக்கவில்லை.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்டார். “ஆபீசர், ஆர்டர் வந்துச்சா?”

“வரலைப்பா.”

“நாளைக்கு?”

“இனி வரும்னு தோணலை.”

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள். அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏதாவது தப்பு பண்ணிட்டியாம்மா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். “பண்ணினேன்ப்பா. ஆனா அவங்க சொல்ற அளவுக்கு இல்ல.”

“அப்போ எந்த அளவுக்கு?”

“அதைத்தான் காலைலேர்ந்து கேட்டுட்டிருக்கேன்! யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க” என்று பையை நாற்காலியில் எறிந்தாள். அது சரிந்து தரையில் விழுந்தது. எடுக்க அவளும் குனியவில்லை, அவர்களும் குனியவில்லை.