அப்பா பேரைச் சொல்லாத பிள்ளை

திருவானைக்காவலில் என் பெயரைச் சொன்னால் போதும், கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. இரண்டு ஓட்டைச் சைக்கிளோடு வாடகைக் கடை போட்டவன் நான். அறுபதுகள் பிறந்தபோது முப்பத்தைந்து சைக்கிள், ஒவ்வொன்றின் மட்கார்டிலும் என் பெயர். ஸ்ரீரங்கத்து வீதிகளில் நாள் முழுக்க அது ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் சும்மா வந்ததா?

அப்பேர்ப்பட்டவன் மகள் எங்கே படிக்க வேண்டும்? டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இங்கிலீஷ் பள்ளியில்தான் பேபி கிளாஸ் என்று முடிவு செய்தேன். அவளுக்கு நாலு வயது. அங்கே தன் பெண்ணைச் சேர்த்திருந்த தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் என் வாடிக்கைக்காரர். பிள்ளையைக் கேள்வி கேட்பார்கள், பதில் சொன்னால்தான் இடம் என்றார். உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, இது என்ன நிறம், பத்து வரை எண்ணு. இவ்வளவுதான்.

இவ்வளவுக்கு ஒரு மாதம் என் உயிரை வாங்கிவிட்டாள். கோணிப்போன ரிம்மை ஒரு மணி நேரத்தில் நிமிர்த்துவேன், இவளைப் பத்து நிமிஷம் உட்காரவைக்க முடியவில்லை. ஆறு வரை எண்ணிவிட்டுப் பொட்டுக்கடலை கேட்பாள். சிவப்பைக் காட்டினால் மிளகாய் என்பாள். பச்சையைக் காட்டினால் அதுவும் மிளகாய். "அப்பா பேரு என்ன?" என்றால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஊரே சொல்லும் பெயர், மகளுக்கா தெரியாது?

வீட்டில் என் மனைவி இன்னும் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க யாருடி ஊட்டிவிடுவா?"

"மத்தியானம் பஸ் ஏறிப் போயி நான் ஊட்டிட்டு வரேன். உங்களுக்கு என்ன?"

அந்த நாளும் வந்தது. தலைமைக் கன்னியாஸ்திரியை எல்லோரும் மதர் என்பார்கள். மேஜைக்கு எதிரே நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். மகள் பத்து வரை எண்ணினாள். மதர் காட்டிய பூவைப் பார்த்து "ரெட்" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"உங்க அப்பா பேர் என்ன, பாப்பா?"

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியாதா?"

"தெரியும். சொன்னா அம்மா வாயிலயே அடிப்பாங்க."

மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். ஒரு தடவை வாடிக்கைக்காரர் ஒருவர் ரோட்டிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மகளும் அதேபோலக் கத்த, அம்மா வாயில் ஒன்று வைத்திருக்கிறாள். எங்கள் பக்கம் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லமாட்டாள், சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். அந்தச் சட்டத்தை இந்த மகராசி மகளுக்கும் போட்டுவிட்டாள்!

"சொல்லச் சொல்லு" என்று பல்லைக் கடித்தேன்.

"இன்னைக்கு ஒருநாள் சொல்லலாம், பாப்பா."

"மொதல்ல நீ சொல்லும்மா."

"நானே சொல்றேன் மதர்" என்றேன்.

"உங்களைக் கேட்கலை" என்று மதர் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்டதுக்குப் பதில் சொல்லாத பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கிறது?"

என் மனைவி எழுந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் பெயரைச் சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் குரலில் அதை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதைச் சரியாகக் காதில் வாங்குவதற்குள் மகள் துள்ளிக் குதித்து அதையே கத்தினாள். மதர் சிரித்தார். அம்மா சொன்னபோதே அவர் எழுதி முடித்திருந்தார். இடம் கிடைத்தது. காட்டிய இடத்தில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து மார்க் அட்டை வந்தது. குமாஸ்தாவிடம் பெருமையாக நீட்டினேன்.

"அண்ணே, அப்பா பேருன்னு போட்டிருக்கே, இது யாரு?"

இங்கிலீஷ் தெரியாத எனக்கு அவர் படித்துக் காட்டினார். என் பெயரின் முதல் எழுத்தையே காணோம். அது முந்தானைக்குள் போய்விட்டது. முப்பத்தைந்து மட்கார்டில் சரியாக இருக்கும் பெயர் மகளின் அட்டையில் மட்டும் மொட்டையாக நிற்கிறது!

வீட்டுக்கு ஓடினேன். "கிளம்பு, போய்த் திருத்திட்டு வருவோம்!"

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்களே போங்க. மறுபடி என்னால சொல்ல முடியாது. ஒரு தடவை சொன்னதுக்கே சமயபுரத்துல முடி எறக்குறதா வேண்டிக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"ஆயுசு யாருக்குக் கொறையுமோ, அவங்களுக்குத்தான்."