தொட்டிலுக்கு வழி சொன்ன குரல்

இது கதை இல்லை. என் அக்கா டியோலிண்டா என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஆறு வருஷம் ஆகிறது. கட்டுக்கதைக்காக எந்த அக்காவும் அப்படி இருக்க மாட்டாள். அவள் கணவரைப் பற்றி நான் கொடுத்த வாக்குமூலம்தான் காரணம். அந்த வாக்குமூலத்தை ஏன் கொடுத்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்குக் கோபம் இல்லை. பேய் என்றதும் நடுராத்திரியையும் ஊளையிடும் நாயையும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இது நடந்தது ஒரு செப்டம்பர் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு.

என் பெயர் இடலினா. பிக்கோ தீவில் லாஜெஸ் ஊர்க்காரி. திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை ரப்பர் படகில் கூட்டிப் போவது எங்கள் பிழைப்பு. படகு அக்காவின் கணவர் பெல்மிருவுடையது. அவர் ஓட்டுவார், நான் படம் எடுப்பேன். திமிங்கிலம் மூழ்கும்போது வாலைத் தூக்கும் இல்லையா, அந்த வாலைக் கிட்டத்தில் போய்ப் படம் பிடித்தால் இது இன்னது என்று பெயரே சொல்லிவிடலாம்.

படகில் உட்கார்ந்தவனுக்கு அடுத்த அலையைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் குன்றின் மேல் சின்ன வெள்ளை அறையில், பெரிய தொலைநோக்கியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். விஜியா என்போம். எங்கள் விஜியா வெனான்சியு மாமா, எழுபத்தொரு வயது. அவர் ரேடியோவில் "இடது பக்கம், இன்னும் வெளியே, நில்லு" என்பார். படகோட்டி மறுபேச்சு இல்லாமல் போவார். பக்கத்துப் படகுக்காரன் ஒட்டுக்கேட்டு முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கடலில் ஒவ்வொரு இடத்துக்கும் எங்களுக்கு மட்டும் தெரிந்த பெயர்கள் வைத்திருந்தோம். அடுப்பு. உப்பு ஜாடி. தொட்டில். தாய்கள் குட்டிகளை மேலே விட்டுவிட்டு இரை தேடி ஆழத்துக்குப் போகிற இடம்தான் தொட்டில்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன் பதினொரு மாதமாக அந்தப் பெயரை எங்களில் யாரும் வாயில் எடுக்கவில்லை. வெனான்சியு மாமாவின் ஒரே மகன் டினிஸ் அங்கேதான் போய்ச் சேர்ந்தான்.

டினிஸ் எங்கள் படகிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிப் படம் எடுக்கிறவன். இருபத்தாறு வயது. ஊரில் அவனுக்குப் பட்டப்பெயர் 'மூணு'. எதையும் மூன்று தடவை செய்வான், மூன்று தடவை சொல்வான். படகில் ஏற வேண்டுமென்றால் அடியில் டொக், டொக், டொக் என்று தட்டுவான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அவன்தான் குன்றில் உட்கார்ந்து வழி சொல்வான். ரேடியோவில் இரண்டு பேர் குரலும் ஒன்றுபோல இருக்கும். அப்பா "மெதுவா" என்று ஒரு தடவை சொல்வார், மகன் மூன்று தடவை. அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

அவன் போன அன்று என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தது போதும். படகில் ஜெர்மன்காரர்கள் ஆறு பேர். பெரிய ஆண் திமிங்கிலம் ஒன்று நேராக வந்தது. டினிஸ் தயங்கினான். பெல்மிரு அவனிடம் ஒரு வார்த்தை சொன்னார். குதித்துவிட்டான். உடனே தூரத்தில் இன்னொன்று மூச்சு விட, ஜெர்மன்காரர்கள் கூச்சல் போட, பெல்மிரு படகைத் திருப்பினார். "ரெண்டே நிமிஷம், வந்துடலாம்" என்றார். அதற்குள் மூடுபனி இறங்கி, குன்றிலிருந்து மாமாவுக்கும் எங்களைத் தெரியாமல் போனது. நாற்பது நிமிடம் தேடினோம். ஒரு மஞ்சள் துடுப்புக் காலணிதான் கிடைத்தது.

"சொல்லச் சொல்லக் கேக்காம குதிச்சுட்டான் மாமா" என்று அவன் அப்பாவிடம் சொன்னவள் நான். என் வாய் அழுகியிருக்க வேண்டாமா?

அந்தச் சனிக்கிழமை 12.40க்குக் கிளம்பினோம். நானும் பெல்மிருவும் மட்டும். வால் படம் எடுக்கலாம் வா என்றுதான் கூப்பிட்டார். உண்மையான காரணம் அவர் சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் கடைசி விசாரணை. 'அவனாகவே குதித்தான், நாங்கள் அங்கேயே காத்திருந்தோம்' என்ற காகிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

1.30. அடுப்புக்குப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சோள ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தார். கூடவே பேனாவையும்.

"போட்டுடு, இடலினா."

"படகைத் திருப்பினது நீங்கதானே அத்தான்? குதின்னு சொன்னதும் நீங்கதானே?"

"இப்ப என்ன, செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா? உங்க அக்காவை நெனச்சுப் பாரு. என்னைத் தூக்கி உள்ள வெச்சா அந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் யாரு ஆக்கிப் போடுவா, நீயா?"

"அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"பதினொரு மாசமா முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கே?"

சுருக்கென்றது. உண்மைதானே. பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். பிறகு கீழே வைத்தேன்.

"திங்கட்கிழமைதானே. அங்க வந்து பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னா என்னடி அர்த்தம்?"

"திங்கட்கிழமைன்னா திங்கட்கிழமை."

கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே எழுந்தார். அப்போதுதான் கவனித்தோம். அவ்வளவு நேரமும் ரேடியோ மைக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பொத்தான் அமுங்கியே இருந்திருக்கிறது.

கரகரவென்று சத்தம். வெனான்சியு மாமாவின் குரல்.

"மைக்கை அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தே, பெல்மிரு."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"கேட்டிருக்குமா?" என்றேன்.

"காத்துச் சத்தத்துல என்னத்தைக் கேட்டிருக்கும்?" என்றார். காற்றே அடிக்கவில்லை. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது.

1.52. மலை மறைந்தது. பனி குன்றிலிருந்து கடலுக்கு இறங்குவது தெரிந்தது. மறுபடியும் மாமா.

"இங்க சுத்தமா மூடிடுச்சு. படகு தெரியல. கடலே தெரியல. வீட்டைப் பாக்க வந்து சேருங்க."

2.04. பனி எங்களையும் மூடியது. படகின் மூக்கு மட்டும் தெரிந்தது. பெல்மிரு கரையைப் பார்த்து மெதுவாக ஓட்டினார்.

2.11. ரேடியோ.

"வலது பக்கம் திரும்புங்க."

பெல்மிரு உடனே திருப்பினார்.

"அத்தான், அவருக்குத்தான் ஒண்ணும் தெரியலையே?"

"மேல பனி விலகியிருக்கும். நீ சும்மா இரு."

வழிகாட்டும் ஜி.பி.எஸ். திரையைப் பார்த்தேன். நாங்கள் கரையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தோம். காட்டினேன்.

"முப்பது வருஷமா அந்தக் கண்ணை நம்பிக் கடலுக்கு வர்றேன். இப்ப இந்தப் பெட்டியை நம்பச் சொல்றியா?"

எங்கள் ஊரில் எந்தப் படகோட்டியும் இதையேதான் செய்திருப்பான். விஜியா சொன்னால் போக வேண்டும்.

2.13.

"இன்னும் வெளியே வாங்க, அண்ணே."

அண்ணே...?

எழுபத்தொரு வயது மனுஷர் ஐம்பது வயது ஆளை அண்ணே என்பாரா? பெல்மிருவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

2.15.

"ரெண்டா? ஒண்ணா?"

திமிங்கிலத்தைக் கேட்கிறார் என்று நினைத்து பெல்மிரு மைக்கை எடுத்தார். "இங்க ஒண்ணுமே தெரியல. நீங்க சொல்லுங்க."

பதில் இல்லை. இருபது வரை எண்ணினேன். ரேடியோ மெல்ல இரைந்துகொண்டே இருந்தது. பிறகு, வேறு யாருக்கோ பதில் சொல்வதுபோல...

"சரி. ஒண்ணு."

2.17.

"மெதுவா... மெதுவா... மெதுவா."

பெல்மிருவின் கை சுக்கானிலிருந்து நழுவியது.

"தொட்டில் வந்தாச்சு, அண்ணே. நிறுத்துங்க."

இயந்திரம் நின்றது. அவர் சாவியைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு, என் காலுக்கு அடியில்...

டொக். டொக். டொக்.

"திமிங்கிலம்தான்," என்றார் பெல்மிரு. "ஆழத்துல அதுங்க தட்டற சத்தம் அது."

டொக். டொக். டொக்.

திமிங்கிலம் தட்டினால் கடிகாரம் மாதிரி விடாமல் தட்டும். மூன்றோடு நிறுத்தாது. அது அவருக்கும் தெரியும்.

தண்ணீரைப் பார்த்தேன். படகைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ எழும்பியது. ஒன்று. இன்னொன்று. தலைகள். திமிங்கிலங்கள் நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தன. பதினொன்று எண்ணினேன். கை நீட்டினால் தொடலாம். மூச்சு விடவில்லை. அசையவில்லை. எல்லாக் கண்ணும் பெல்மிரு பக்கம்.

ரேடியோவின் மின்கம்பியைப் பிடுங்கினேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

"குதிங்க அண்ணே."

ஐயோ கடவுளே.

"என்ன பயம்? மேல எங்க அப்பா பாத்துக்கிட்டிருக்காரு."

அதுதான் அந்த வார்த்தை. 'குதிடா, என்ன பயம்? மேல உங்க அப்பன் பாத்துக்கிட்டிருக்கான்.' பதினொரு மாதத்துக்கு முன்னால் பெல்மிரு சொன்னது. ஜெர்மன்காரர்களுக்கு எங்கள் பாஷை தெரியாது. அந்த வார்த்தை தெரிந்தவர்கள் மூன்றே பேர். சொன்னவர், பக்கத்தில் நின்ற நான், குதித்தவன்.

பெல்மிரு எழுந்தார்.

"அத்தான்! உக்காருங்க! அத்தான்!"

சட்டையைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன்.

மாடிப்படி இறங்குகிறவர் மாதிரி இறங்கினார்.

தண்ணீர் தெறிக்கக்கூட இல்லை.

சட்டை என் கையில் இருந்தது. பையில் காகிதம் இருந்தது.

தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

டொக்.

இந்தத் தடவை ஒன்றுதான்.

எவ்வளவு நேரம் அவர் பெயரைக் கத்தினேன் என்று தெரியாது. தொண்டை கட்டிப்போன பிறகு, செத்துக் கிடந்த ரேடியோவிலிருந்து குரல் வந்தது. "இடலினாக்கா. இடது பக்கம்... இடது பக்கம்... இடது பக்கம்." இயந்திரம் தானாகப் பிடித்தது. அழுதுகொண்டே திருப்பினேன். சொன்ன பக்கமெல்லாம் போனேன். 3.26க்குத் துறைமுகத்தின் வாயில் மூக்கு இடித்தாற்போல் வந்து நின்றேன்.

இரவெல்லாம் தேடியும் அத்தான் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை அக்கா வந்தாள். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. அத்தானின் சட்டையை மடியில் வைத்திருந்தாள். அதன் பையிலிருந்த காகிதத்தை எடுத்து என் முன் நீட்டினாள்.

"அவருதான் போயிட்டாரு. அவரு பேரையாவது விட்டு வை. புள்ளைங்களை நாலு பேரு கொலைகாரன் புள்ளைங்கன்னு சொல்லுவாங்கடி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். கூடப்பிறந்தவள் காலைப் பிடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

மாலை ஐந்து மணிக்குக் குன்றேறினேன். வெனான்சியு மாமா தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை.

"தெரியும்," என்றார். "மைக்ல கேட்டேன்."

"மாமா... பனிக்குள்ள எங்களுக்கு வழி சொன்னது நீங்களா?"

"பனியில எனக்கு என் கையே தெரியல."

"அப்ப அந்தக் குரல்..."

"எனக்கும்தான் கேட்டுச்சு." துணியை மடித்து வைத்தார். "பையன் நல்லாத்தான் வழி சொன்னான். நான் எதுக்கு நடுவுல பேசணும்?"

கேட்காமல் எழுந்து வந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"ரெண்டா ஒண்ணான்னு ஒரு கேள்வி கேட்டானே, மாமா. அத்தான் சொன்னதை அவன் காதுலயே வாங்கலையே."

"அது பெல்மிருவைக் கேக்கல. என்னைக் கேட்டான்."

மாமா தொலைநோக்கியைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டே தொடர்ந்தார்.

"எங்கிட்ட வந்து பொய் சொன்னவ நீயும்தானே? கொஞ்ச நேரம் யோசிச்சேன். ஆனா நீ பேனாவைக் கீழ வெச்சுட்டு, திங்கட்கிழமைன்னு சொன்னியே. அதனால, இப்போதைக்கு ஒண்ணு போதும்டான்னேன்."

எப்படியோ எழுந்து கதவு வரை வந்தேன். என் பையில் அக்கா கொடுத்த காகிதம் இருந்தது. அதை நான் அவரிடம் காட்டவே இல்லை. மாமா திரும்பாமல், கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்குத்தானே?"

"ஆமா, மாமா."

"சரி, போயிட்டு வாம்மா. நான் ரேடியோவைப் போட்டு வெச்சிருக்கேன்."