நாக்கில் வந்த உப்புக்கல்

2005 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்றரை மணி, ராகுகாலம். அந்த நேரத்தில்தான் தெய்வநாயகி இரண்டரை வயது மகள் சரண்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மரக்காணத்தில் சென்னை பஸ்ஸுக்காக நின்றாள். தோளில் ஒரு ஒயர் கூடை. அதில் குழந்தையின் இரண்டு கவுன்களும் ஆஸ்பத்திரி பைலும் இருந்தன.

"வேற நாளே கிடைக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழம ராகுகாலத்துல நான் கெளம்புவேன்னு எவனும் நெனைக்க மாட்டான். அதான்" என்றாள்.

அவள் வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. நான்கு வருடம் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த மார்ச்சில்தான் நான் திரும்பியிருந்தேன். பஸ் ஏற்றிவிட மட்டும் போனவள், அவள் படிக்கட்டில் கால் வைத்ததும் நானும் ஏறிவிட்டேன். அங்கே திரும்பிப் போய் அந்தத் தெருவைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தெய்வநாயகி இரும்பை என்ற ஊருக்குப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எட்டாவது வரை படித்தவள். பத்தொன்பது வயதில் உப்பளத் தொழிலாளி முருகையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதுவரை உப்பைச் சமையலறையில் மட்டும் பார்த்தவள், ஒரே வருடத்தில் நாற்பது கிலோ உப்பைத் தலையில் வைத்து வரப்பில் ஓடக் கற்றுக்கொண்டாள். ஐந்து வருடம் குழந்தையில்லாமல் ஏச்சு வாங்கிய பிறகு சரண்யா பிறந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் நான்கு கழி நட்டு, ஓலை போட்டு, புடவையில் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு வேலை பார்த்தாள்.

பிறகு எல்லாப் பழியும் அந்தத் தூளி மேல்தான் விழுந்தது.

குழந்தையின் இடது கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ மின்னுவதை அவள்தான் முதலில் கண்டாள். குடிசை இருட்டில் பால் கொடுக்கும்போது பூனைக் கண் போல அது பளிச்சிட்டது. அளத்துப் பெண்களிடம் காட்டினாள்.

"இன்னாடி, பூனையப் பெத்து வெச்சிருக்கிற?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"உப்பு வெளிச்சம் ஏறிப் பூ விழுந்துருக்கு. எனக்கு இல்லையா? பாரு" என்று இன்னொருத்தி தன் கண்ணைப் பிதுக்கிக் காட்டினாள்.

உப்பளத்தில் எல்லோருக்கும் கண் கெடும். வெயிலில் வெள்ளைப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தால் நாற்பது வயதில் பாதிப் பார்வை போய்விடும். அதனால் அங்கே கண்ணில் என்ன வந்தாலும் அதற்கு உப்பு என்று ஒரே பெயர்தான். பிறந்து இரண்டு வருடம்கூட ஆகாத குழந்தைக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

சுனாமியில் கடல் உள்ளே வந்துபோன மறுமாதம், பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். இளம் டாக்டரம்மா ஒருவர் சரண்யாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றுபோனது. "இந்த வாரமே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. தள்ளிப் போடாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். முருகையன் அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினான். மண் மூடிய பாத்திகளைத் திரும்பவும் மிதித்துச் சரி செய்யும் வேலை தலைக்கு மேல் கிடந்தது. சீட்டு மூன்று மாதம் அங்கேயே இருந்தது.

அதற்குள் முருகையனின் அக்கா அஞ்சம்மாள் ஒரு வைத்தியரைக் கண்டுபிடித்தாள். கிளியனூரைத் தாண்டி ஒருவர் கண்ணில் விழுந்ததை நாக்காலேயே எடுப்பாராம். ஏப்ரல் கடைசியில் ஆட்டோ பிடித்துப் போனோம். நானும் போனேன்.

வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு ஒரு ஆள். குழந்தையின் கையையும் காலையும் முருகையன் பிடித்துக்கொள்ள, இமையைப் பிரித்து, அந்தக் கண்ணுக்குள் நாக்கை விட்டுத் துழாவினார். சரண்யா மூச்சுத் திணறக் கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து நாக்கை நீட்டினார். நுனியில் கடுகளவுக்கு ஓர் உப்புக்கல்.

"பாத்தியா!" என்றாள் அஞ்சம்மாள். முருகையன் கும்பிட்டான்.

உப்பு ஈரத்தில் கரையும். வாழ்நாள் முழுக்க உப்பு வாரிப் பிழைக்கும் குடும்பம் அது. அத்தனை மாதம் கண்ணீரில் ஊறிக் கிடந்த கல் எப்படி முனை மழுங்காமல் வெளியே வரும் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதைச் சொல்லும் நானும் அன்று கேட்கவில்லை. வாசலுக்குப் போய் நின்றுகொண்டதோடு சரி. தெய்வநாயகி மட்டும் முந்தானையில் எச்சில் துப்பி, குழந்தையின் கன்னத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அவள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்தாள். பாண்டிச்சேரியில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: கண்ணுக்குள் புற்றுநோய். கண்ணை எடுத்துவிட்டால் குழந்தை பிழைக்கும். தாமதித்தால் நரம்பு வழியாக மூளைக்குப் போகும். சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவும் வந்தால் நல்லது என்று யாரோ சொன்னது, அப்பா கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த ஆறு வாரம் அந்த வீட்டில் நடந்ததை எழுதக் கூசுகிறது. அஞ்சம்மாளுக்கு ஒரு மகன். சரண்யா பிறந்த அன்றே "என் மருமவ" என்று வெள்ளிக் கொலுசு போட்டவள் அவள். இப்போது அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஒத்தக் கண்ணிய எவன்டி கட்டுவான்? எம்புள்ளயே மாட்டேன்னுவான்."

"அண்ணி, அதுக்கு ரெண்டரை வயசு."

"பொட்டப் புள்ள நாளைக்கே வளந்து கல்யாணத்துக்கு நிக்கும். செத்தா ஒரு வருசம் அழுவோம். கண்ணப் புடுங்கிட்டு வந்தா ஆயுசுக்கும் அழணும்."

குழந்தை அங்கேயே, அஞ்சம்மாளின் மடியில்தான் இருந்தது. அவளது வளையல்களை எண்ணுவது போல ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தது.

"நீங்க அழ வேணாம். நான் அழுதுக்குறேன்" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள் தெய்வநாயகி. பிறகு முருகையன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுய்யா. கையெழுத்துப் போடுவியா, மாட்டியா?"

முருகையன் நல்லவன் என்றுதான் தெருவில் பெயர். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். அன்றும் அவன் கோபப்படவில்லை. "அக்கா சொல்றதையும் யோசிக்கணுமில்ல" என்றான். அதன் பிறகு தினமும் அவள் பைலை எடுக்கும்போதெல்லாம் அவனுக்கு அளத்தில் வேலை வந்தது. ஊரில் கெட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பார்த்து வராத அருவருப்பு இந்த நல்லவனைப் பார்த்து வந்தது. சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டுவான், அந்தக் கண்ணைப் பார்க்காமல்.

ஜூன் இரண்டாவது வாரம் கண் வீங்கி வெளியே தள்ள ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, எட்டி ஒரு தடவை பார்த்து, "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் நின்று அதையே விவரித்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கிளம்பினாள்.

சென்னை ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய நர்ஸம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான அம்மா? நீங்க போட்டாலே போதும்மா. இதுக்கா இத்தன நாள்?"

தெய்வநாயகி பேனாவை வாங்கினாள். ஆறு வாரம் அவள் காத்திருந்தது யாருமே கேட்காத ஒரு கையெழுத்துக்காக. பிறகு எட்டாம் வகுப்புக் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரைப் போட்டாள்.

கண்ணை எடுத்தார்கள். நோய் நரம்பின் ஆரம்பம் வரை வந்திருந்தது. அதற்கு மேல் போயிருக்கிறதா என்று மருந்து ஏற்றி, காத்திருந்துதான் தெரிய வேண்டும் என்றார்கள். அவள் ஊருக்குத் திரும்பவில்லை. சைதாப்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்து, குழந்தைக்கு முடி கொட்டி முளைக்கும் வரை ஆஸ்பத்திரிக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். நான் இரண்டு மாதம் கூட இருந்துவிட்டு மரக்காணம் வந்தேன். முருகையன் ஒரு முறைகூட விசாரிக்கவில்லை. தை மாதம் அஞ்சம்மாள் பார்த்துக் கொடுத்த பெண்ணோடு குடும்பம் நடத்தத் தொடங்கினான். அவள் பெயர் ஜெயா. சாதுவான பெண். "அவளாவே ஓடிப்போனவ" என்று முதல் மனைவியைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

2006 நவம்பரில் எனக்கு ஓர் இன்லேண்ட் கடிதம் வந்தது. பதினான்கு மாதமாக அவளிடமிருந்து ஒரு வரியும் வந்திருக்கவில்லை. இதுதான் அந்தக் கடிதம்:

"விஜி, பாப்பா நல்லா இருக்குது. மருந்து முடிஞ்சி எட்டு மாசம் ஆவுது, எங்கியும் பரவலன்னு ஸ்கேன் பாத்து சொல்லிட்டாங்க. அவருக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குதுன்னு ஊர்லேருந்து வந்தவங்க சொன்னாங்க. இந்த நோவு சில பேருக்கு அப்பா வழியிலயும் வருமாம், அவரு வேற புள்ள பெத்துருந்தா அதுக்கும் உடனே கண்ணப் பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாக்கணுமாம். அவருகிட்டயும் அண்ணிகிட்டயும் சொல்லாத. அந்தப் பொண்ணு ஜெயாகிட்ட நேரா போய்ச் சொல்லு. அது தூக்கிட்டுப் போவும்."