மூக்கம்மாவின் பிஸ்கட் வகுப்பு

என் அண்ணிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் அது யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் அவள் மூக்கம்மா. நேருக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேறொருத்தியாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். இவளோ பட்டம் வாங்கியவள் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வாள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். நாத்தனார் என்றால் கொஞ்சம் எரிச்சல் இருக்கத்தானே வேண்டும்?

ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. சின்ன வயதில் அவள் ஒரு பேக்கரியில் தட்டு கழுவச் சேர்ந்தாள். ஒரு நாள் மாவு மூட்டைகள் வந்து இறங்கியபோது ஈரக் கையோடு எழுந்து போய், "இந்த மூட்டையில மண்ணெண்ணெய் பட்டிருக்கு" என்றிருக்கிறாள். மாஸ்டர் மோந்து பார்த்தார், முதலாளி மோந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. "போய்த் தட்டைக் கழுவு" என்று விரட்டிவிட்டு, அந்த மாவில் ரொட்டி சுட்டார்கள். வாயில் வைக்க முடியவில்லை. அதற்கப்புறம் வெண்ணெய் வந்தாலும் முட்டை வந்தாலும் அவள் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போகும். ஐசிங் வேலையும் அங்கேயே கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும், சரக்கை மோந்து பார்க்க முதலாளி வாரம் ஒரு முறை ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போவார். மோந்து பார்க்கச் சம்பளம்! நான் மாடியில் உட்கார்ந்து இடுப்பொடியத் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் ஷெட் பிள்ளைகளால் நிறைந்துவிடும். எங்களிடம் எந்தக் காலத்திலும் கார் இருந்ததில்லை, ஷெட் மட்டும் உண்டு. அதில் ஒரு கேஸ் ஓவன், ஒரு நீள மேஜை, இரண்டு பெஞ்சு. யானை, மீன், பூனை, வீடு என்று அண்ணி பிஸ்கட் சுட்டு ஆற வைப்பாள். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, அதில் கலர் கலராக ஐசிங்கை அடைத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். பிள்ளைகள் யானைக்குச் சட்டை போடுவார்கள், மீனுக்கு மீசை வைப்பார்கள். என் மகள் ஒரு பூனைக்குக் கண்ணாடி மாட்டி, பல்லைக் கடிக்கிற மாதிரி வாய் வரைந்து, "இது அம்மா" என்று என்னிடமே கொண்டுவந்து காட்டினாள். ஐசிங் காயும் வரை காற்று படக் கூடாது, பட்டால் விரிசல் விடும் என்பது அண்ணியின் சட்டம். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிடுவாள். உள்ளே பிள்ளைகள் வேர்த்து வழிந்தாலும் சட்டம் சட்டம்தான்.

கடைசியில் ஒரு விளையாட்டு உண்டு. அண்ணி கண்ணை மூடிக்கொள்வாள். பிள்ளைகள் அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு பாட்டிலைத் திறந்து அவள் மூக்கடியில் நீட்டுவார்கள். "லவங்கப்பட்டை." "பாதாம் எசென்ஸ்." "இது எலுமிச்சை. ஆனா பழசு, தூக்கிப் போடு." ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எந்தப் பாட்டிலிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. அத்தை என்ன சொல்கிறாளோ அதுதான் வாசனை. பிள்ளைகளுக்கு அதில் சந்தேகமே கிடையாது. பெரியவர்களுக்கும்தான்.

அந்த மூக்கு செத்துப் போனது யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபோது காபியில் மணம் இல்லை. சளி என்று நினைத்தாள். சளி போயிற்று, மணம் திரும்பவில்லை. சோப்பு, பூண்டு, பினாயில், எதை மோந்தாலும் வெறும் காற்று. இதெல்லாம் அவள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது அண்ணனிடம்கூட மூச்சு விடவில்லை. "சொல்லிட்டா அப்புறம் நான் யாரு? மறுபடியும் தட்டு கழுவுற பொண்ணுதானே?" என்று என்னைக் கேட்டாள். அதைக் கேட்டபோது எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

மறைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பாட்டில்களை எப்போதும் ஒரே வரிசையில் வைத்தாள். பிள்ளைகள் எந்த மூலையிலிருந்து எடுக்கிறார்கள் என்பதைக் காதாலேயே பிடித்து, பெயரைச் சொன்னாள். பேக்கரியில் வெண்ணெயை மூக்கருகே கொண்டுபோய், மாஸ்டரின் முகம் போகிற போக்கைப் பார்த்துத் தலையாட்டினாள். ஒரு தடவை கெட்டுப்போன வெண்ணெய் அவளைத் தாண்டி உள்ளே போய், சுட்ட கேக் அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. முதலாளி கோடவுன்காரனைப் பிடித்துத் திட்டினார். மூக்கம்மாவைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் என் மகளை எந்நேரமும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். "இது என்ன வாசனை, சொல்லு பார்ப்போம்" என்பாள். மகளுக்கு வித்தையைச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உண்மையில் அவள் என் மகளின் மூக்கை இரவல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

எட்டு வயதானாலும் என் மகள் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நாள் பாட்டில்களை இடம் மாற்றி வைத்துவிட்டு விளையாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். பூண்டுப் பொடியை நீட்ட, அத்தை கண்ணை மூடியபடி கம்பீரமாக, "வெனிலா" என்றாள். மகள் சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியலயா அத்தை?" என்று கேட்டாள். அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

"அம்மாகிட்டகூடவா?"

"அம்மாகிட்ட முக்கியமா சொல்லக் கூடாது. உங்கம்மா வாய் ஊரையே கூட்டிடும்."

அது பொய்யில்லை. அன்றிலிருந்து என் மகள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினாள். வயிற்றில் பூச்சி என்று நினைத்து நான் மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

லீவின் கடைசி வகுப்பு. வழக்கத்தைவிடப் பிள்ளைகள் அதிகம். முதல் சுற்று பிஸ்கட் வெந்து இறங்கியதும் அண்ணி ஓவனை அணைத்தாள். அடுத்த சுற்று இருக்கிறதே என்று சிலிண்டரை மூடவில்லை. எல்லோருக்கும் இடம் வேண்டுமென்று பெஞ்சைச் சுவர்ப் பக்கமாக இழுத்துப் போட்டாள். பெஞ்சின் கால் தரையில் கிடந்த கேஸ் டியூபையும் சேர்த்து இழுத்து, ஓவனோடு சேரும் இடத்தில் பாதி கழற்றிவிட்டது. இதை அண்ணன் பிற்பாடு பார்த்துச் சொன்னது. அந்த நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் அவரவர் கூம்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜன்னல் சாத்தியாயிற்று, ஃபேன் நின்றது.

"அத்தை, ஏதோ நாறுது" என்றான் மீனுக்குச் செதில் வரைந்துகொண்டிருந்த ஒருத்தன்.

"இவன்தான் குசு விட்டுட்டான் அத்தை!" என்றான் பக்கத்தில் இருந்தவன். மேஜை முழுக்கச் சிரிப்பு. அண்ணியும் சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் கூம்பைக் கீழே வைத்துவிட்டு, "முட்டை அழுகின மாதிரி இருக்கு அத்தை" என்றாள்.

அண்ணிக்குப் பகீர் என்றது. காலையில் முட்டை வெள்ளைக்கருவை அடித்துத்தான் ஐசிங் கலக்கியிருந்தாள். எப்போதும் ஒவ்வொரு முட்டையாக உடைத்து மோந்து பார்த்துத்தான் சேர்ப்பாள். அன்றைக்கும் பழக்கத்தில் மோந்து பார்த்துத்தான் சேர்த்தாள், என்ன பிரயோசனம்? ஏதோ ஒரு முட்டை அழுகியிருந்திருக்கிறது, அதைக் கலக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். அவள் மனசு முழுக்க முட்டைதான். இது வெளியே தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். பிள்ளைகளை வாயில் வைக்க விடாமல், சீக்கிரம் இரண்டாவது சுற்று சுட்டு, புதிதாக ஐசிங் கலக்கிக் கொடுத்துவிட்டு, இதைக் கமுக்கமாகக் குப்பையில் கொட்டிவிட வேண்டும்.

"அது புது எசென்ஸ்டா. வெளியூர்ல இருந்து வந்தது. காயற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். யாரும் விரலை நக்காதீங்க" என்றாள்.

மூக்கம்மாவே சொன்ன பிறகு என்ன பேச்சு? பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள்.

என் மகள் மட்டும், "ஜன்னலைத் திறக்கலாமா அத்தை?" என்று கேட்டாள்.

"விரிசல் விடும். பேசாம உக்காரு."

அந்த நேரத்தில்தான் டீச்சர் தன் மகனைக் கொண்டுவந்து விட்டார். மேல் தெருவில் குடியிருப்பவர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார். "என்னங்க, ஒரு மாதிரி வாடை வருதே?"

"புது எசென்ஸ் டீச்சர்."

"நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன" என்று சிரித்தார் டீச்சர். மகனை உள்ளே அனுப்பிவிட்டு, ஐசிங்குக்குக் காற்று படக் கூடாதே என்று கதவை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

நான் பிள்ளைகளுக்குப் பால் கலக்கி எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். பின்பக்கத்துக்கு வரும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. அத்தனை பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்தேன். குப்பென்று முகத்தில் அடித்தது கேஸ். ஒரு பையன் மேஜையில் தலை சாய்த்திருந்தான். இன்னொரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டே யானைக்கு வால் வரைந்துகொண்டிருந்தாள். அண்ணி லைட்டரும் கையுமாக ஓவன் முன்னால் குந்தியிருந்தாள். என் மகள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள், கண்ணீர் கொட்டியது, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"விடுடி கண்ணு, இப்ப என்ன விளையாட்டு?" என்று கையை உதறிக்கொண்டிருந்தாள் அண்ணி.

"அண்ணி! கேஸ்! பத்த வைக்காதீங்க!" என்று கத்தினேன். பால் கீழே கொட்டியதுகூடத் தெரியவில்லை.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிம்மதி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதி.

"முட்டை இல்லையா?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. லைட்டரை வெளியே தூக்கி எறிந்தாள். கையில் கிடைத்த பிள்ளைகளை இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இழுத்துக்கொண்டு ஓடினாள். நானும் இழுத்தேன். தலை சாய்த்திருந்த பையனை, என் கத்தலைக் கேட்டு ஓடி வந்த அண்ணன் தூக்கினார். அவரே திரும்பிப் போய் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இருமிக்கொண்டே வெளியே வந்தார். இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். தலை சாய்த்திருந்தவன் காற்றுப் பட்டதும் கண்ணைத் திறந்து, தன் பிஸ்கட்டை யாரும் எடுக்கக் கூடாது என்றான். நான் படியில் உட்கார்ந்தேன். என் மகளைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல் முதுகில் ஒரு அடியும் வைத்தேன்.

விஷயம் பரவி அம்மாக்கள் ஓடி வந்தார்கள். கேஸ் கசிந்தது, பிள்ளைகளை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள் என்ற மட்டில்தான் அவர்களுக்குத் தெரியும். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். "மூக்கம்மா இருந்ததால ஆச்சு! வேற யாருக்கு உடனே தெரிஞ்சிருக்கும்?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அண்ணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க மூக்குக்குக் கோடி புண்ணியம்" என்று டீச்சர் மகனைக் கட்டிப்பிடித்தபடி அழுதார்.

எனக்கு அதற்குள் பாதி புரிந்திருந்தது. 'முட்டை இல்லையா' என்ற அந்தக் கேள்வி காதைக் குடைந்துகொண்டே இருந்தது. ஊரைக் கூட்டும் வாய் என்று பெயர் எடுத்தவள் நான். ஆனால் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இது அவள் சொல்ல வேண்டியது, சொல்கிறாளா பார்ப்போம் என்று இருந்தேன். சும்மா இருந்தால் போதும், ஆயுசுக்கும் அவள் மூக்கம்மாதான். லீவுக்கு லீவு இன்னும் கூடுதலாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து அந்த ஷெட்டில் விட்டிருப்பார்கள்.

அண்ணி என் மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு வாசனை தெரியாதுங்க" என்றாள் அண்ணி. "காய்ச்சல்ல போனது, திரும்பி வரல. ஒண்ணுமே தெரியாது."

யாருக்கும் உடனே புரியவில்லை. அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று ஒருத்தி தண்ணீர் கொண்டுவரத் திரும்பினாள்.

"பிள்ளைங்க சொன்னாங்க. நாறுது நாறுதுன்னு எத்தனை தடவை சொன்னாங்க. நான்தான் எசென்ஸ்னு பொய் சொல்லி உக்கார வெச்சேன். என் மானம் போயிடுமேன்னு உக்கார வெச்சேன்."

டீச்சரின் அழுகை நின்றது. "நானும் கேட்டேனே" என்றார், மெதுவாக.

"கேட்டீங்க டீச்சர்."

"நீங்க சொன்னதும் நான் கதவைச் சாத்திட்டுப் போனேன். நானே சாத்திட்டுப் போனேன்."

டீச்சர் மகனைத் தூக்கிக்கொண்டார். தூக்குகிற வயதைத் தாண்டிய பையன், கால் தரையில் இழுபட்டது. ஒவ்வொருத்தியாகத் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு என் மகள் என் மடியிலிருந்து எழுந்து அண்ணியிடம் போனாள்.

"இப்ப அம்மாகிட்ட சொல்லலாமா அத்தை?" என்று கேட்டாள்.

அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.